மருந்து வண்டியில் வந்த வைன்

பகல் ஒன்றரை மணிக்கு அந்த வாளியைத் தராசில் ஏற்றுவார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அதுதான் தீர்ப்பு நேரம். நாற்பத்திரண்டு பேர் தின்று மீந்ததை ஒரே வாளியில் வழித்துப் போட்டு, கழுவுதொட்டிக்குப் பக்கத்துத் தராசில் வைத்து, காட்டும் எடையைச் சுவரில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். மாஸ்டர் அங்கே பதினோரு வருடமாகச் சமைக்கிறார். வாளியை நிறுக்கும் வழக்கம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த மூன்று மாதத்தில் அவருக்கு ஐந்து வயது கூடிவிட்டது.

அன்றைக்கு ஏழு கிலோ நூறு கிராம்.

"மச்சான், நீங்க சமைச்சதே மொத்தம் பதினெட்டு கிலோ," என்றார் மேலாளர். மாஸ்டரின் தங்கையைக் கட்டியவர். வீட்டில் பூனை, இங்கே கழுத்தில் டையும் கையில் தாளுமாக அதிகாரி.

"கூட்டல் கழித்தல் எனக்கும் தெரியும் மாப்ள."

"நான் என்ன பண்ணட்டும்? மேலிடத்துல சொல்லிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள வாளி மூணு கிலோவுக்குக் கீழ வரணும். இல்லைன்னா அடுப்பை அணைச்சிட்டு டப்பாச் சாப்பாடுதான்."

டப்பாச் சாப்பாடு என்பது எங்கோ ஒரு தொழிற்சாலையில் வெந்து, மூடி ஒட்டி, உறைந்து வருவது. சூடுபடுத்த ஓர் ஆள் போதும், சமைக்க ஆள் வேண்டாம். மாதிரிக்கென்று அனுப்பிய பன்னிரண்டு டப்பா உறைபெட்டியில் கிடந்தது. மாஸ்டர் ஒவ்வொரு முறை பட்டாணி எடுக்கக் கதவைத் திறக்கும்போதும் அவை அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

"எண்பது வயசுல நாக்கு செத்துப் போயிருக்கும் மாப்ள. டாக்டர் வேற உப்பைக் குறைன்னு எல்லார் தாள்லயும் எழுதி வச்சிருக்கார். நான் தேவலோகத்துல இருந்தா சமையல் கொண்டு வர முடியும்?"

"இதையே அவங்க கிட்ட சொல்லிப் பாருங்க. டப்பாவுல உப்பு இன்னும் கம்மின்னு சந்தோஷப்படுவாங்க."

மாஸ்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். கனத்தது.

*

நான்காம் மேசையில் கப்பல்காரர் உட்காருவார். முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் இயந்திர அறையில் இருந்தவர். காது பாதி, வாய் முழுசு. அவருக்கு எதிரே கணக்கு சார், உருளைக்கிழங்குத் துண்டுகளை எண்ணிச் சாப்பிடுகிறவர். ஜன்னலோரம் தையலம்மா. கணவர் போன பிறகு மகன் கொண்டுவந்து விட்டுப்போனான், ஐந்து மாதமாகிறது. வந்தபோது நாற்பத்தாறு கிலோ, இப்போது நாற்பத்தொன்று. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டெங்கும் பரப்பி, சாப்பிட்ட மாதிரிக் காட்டுவதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆளில்லை. தட்டு திரும்பி வரும்போது எல்லாம் அங்கேயே இருக்கும், துண்டுகள் மட்டும் சின்னதாகியிருக்கும். நான்காவது ஆள் முன்னாள் தபால்காரர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பல்காரரின் மகள் வந்துபோனாள். திங்கள் பகல் மாஸ்டர் சமையலறைச் சுவரில் தட்டுகள் நீட்டும் திறப்பு வழியே எட்டிப் பார்த்தபோது நான்காம் மேசையில் நான்கு காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பைகள் நின்றன. கட்டடம் திறந்த நாளுக்கு வாங்கி, அலமாரியில் தூசி தின்றுகொண்டிருந்தவை. கப்பல்காரர் மடியில் துண்டுக்கடியில் எதையோ ஒளித்து வைத்திருந்தார். கோப்பைகளில் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்பாக ஏதோ இருந்தது.

பார்த்தும் பார்க்காததுபோல் மாஸ்டர் திரும்பிக்கொண்டார். அந்தத் தட்டுகள் திரும்பி வந்தபோது அப்படித் திரும்ப முடியவில்லை. நான்கும் வழித்து வைத்திருந்தன. தையலம்மாவின் தட்டில் ஒரு மீன்முள் மட்டும் கிடந்தது.

அவர் அதை வாளியில் போடாமல், மாவு நிறுக்கும் சின்னத் தராசில் தனியாக வைத்தார். நான்கு தட்டுக்கும் சேர்த்து நூற்றைம்பது கிராம். வழக்கமாக அந்த மேசை மட்டும் முக்கால் கிலோ திருப்பி அனுப்பும். மறுநாளும் நிறுத்தார், நூற்றெண்பது. புதன்கிழமை மடித் துண்டுக்கடியில் ஒன்றுமில்லை, பாட்டில் தீர்ந்துவிட்டிருந்தது. நான்காம் மேசையின் மிச்சம் எழுநூறு.

வியாழக்கிழமை இரவெல்லாம் மாஸ்டர் அந்த மூன்று எடைகளையும் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் வருவது செவ்வாயும் வெள்ளியும்.

*

"வைனா?" என்றார் டாக்டர்.

"சாப்பாட்டோட. ஒரு கோப்பை. பகல்ல மட்டும். இதயத்துக்கு நல்லதுன்னு பேப்பர்ல போடறாங்களே டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடுவாங்க. கொஞ்சமா குடிக்கறவங்க ஆரோக்கியமா இருந்தாங்கன்னு ஒரு காலத்துல நிறைய எழுதினாங்க. அப்புறம் தோண்டிப் பாத்தா, அந்த ஆளுங்க நல்லா சாப்பிடறவங்க, நடக்கறவங்க, கூட உக்காந்து பேச நாலு பேர் இருக்கறவங்க. நல்லது பண்ணினது எதுன்னு யாருக்குத் தெரியும்? ஆரோக்கியத்துக்காகக் குடின்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாஸ்டர். அப்படி எழுதி ஒட்டினீங்கன்னா முதல் ஆளா நானே வந்து கிழிப்பேன்."

"அப்ப முடியாதா?"

"அந்தத் தையல்காரம்மா எத்தனை கிலோ இப்போ?"

"நாப்பத்தொண்ணு."

 டாக்டர் நாற்பத்திரண்டு பேரின் தாள்களையும் வரவழைத்தார். யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறார், யாருக்குக் கல்லீரல், யார் நடக்கும்போது தள்ளாடுகிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு மணி நேரம். பத்தொன்பது பேருக்கு நூறு மில்லி, அவரவர் விருப்பப்பட்டால் மட்டும். மற்றவர்களுக்கு அதே கோப்பையில் திராட்சைச் சாறு. எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாஸ்டர் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனபோது தரையில் கால் பாவவில்லை. மாப்பிள்ளையே வாயைப் பிளந்தார். "டாக்டரே எழுதிட்டாரா? அப்ப நான் தடுக்க முடியாதே!"

*

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. மருந்து வண்டி கிரீச்சிட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் சிஸ்டர். இருபது வருட அனுபவம், ஒரு மாத்திரை கூடக் கை தவறியதில்லை. வண்டியில் மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே வைன் பாட்டில்கள். பக்கத்தில் கோடு போட்ட குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் மருந்துக் கப்புகள்.

மாஸ்டர் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். "சிஸ்டர், என்ன இது?"

"டாக்டர் எழுதினது மருந்துத் தாள்ல. மருந்துத் தாள்ல இருக்கறது வண்டியில போகும். வண்டியில போறது கப்புல போகும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி." சிஸ்டர் தாளைக் காட்டினார். "ஒரு கப்பு முப்பது மில்லி. ஆக, மூணு கப்பு, நாலாவதுல ஒரு பத்து."

"வைனை இப்படியா குடிப்பாங்க?"

"எப்படிக் குடிப்பாங்கன்னு தாள்ல இல்லையே."

பத்தொன்பது பேரும் வரிசையாக விழுங்கினார்கள். விழுங்கும்வரை சிஸ்டர் அருகில் நின்று பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிக்கூடச் சிலரிடம் பார்த்தார், அது கைவந்த பழக்கம். கணக்கு சார் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடித்துவிட்டு, "இது என்ன வியாதிக்கு?" என்று கேட்டார். தபால்காரர் தலையாட்டினார். தையலம்மா இரண்டாவது கப்பிலேயே கண்ணீர் வரத் தும்மி, அதோடு நிறுத்திக்கொண்டார். கப்பல்காரர் மட்டும் வாயை மூடிக்கொண்டு கப்பையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதைக் குடிக்கறதுக்கு நான் கடல்லயே குதிச்சிருக்கலாம்," என்றார்.

அன்று வாளி எட்டு கிலோ இருநூறு. அத்தனை நாளில் அதுதான் உச்சம்.

மேலாளர் தாளில் எழுதும்போது பேனாவை மிக மெதுவாக நகர்த்தினார். "உங்க தங்கச்சி நேத்தே சொன்னா மச்சான். அண்ணன் எதையாவது ஆரம்பிச்சா அது நம்ம தலையிலதான் வந்து விடியும்னு."

  மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை டாக்டரின் வண்டி வாசலில் நின்றதும், அவர் இறங்குவதற்குள் மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே நின்றார். இன்னொரு பக்கம் சிஸ்டர். டாக்டரைத் தன் பக்கம் இழுக்கத்தான் வந்திருக்கிறார் என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

"டாக்டர்," என்றார் சிஸ்டர், "இதை உணவுத் தாளுக்கு மாத்திக் குடுங்க. மருந்து வண்டியில வச்சா நான் மருந்தாத்தான் குடுப்பேன். எனக்கு வேற மாதிரி குடுக்கத் தெரியாது. அந்த மனுஷங்க மூஞ்சியைப் பாக்க மூணு நாளா எனக்கே சகிக்கல."

மாஸ்டர் அந்த அம்மாளை அன்றைக்குத்தான் முதல் தடவை நேராகப் பார்த்தார்.

டாக்டர் கார் கதவின் மேலேயே தாளை வைத்து மாற்றி எழுதினார்.

*

புதன்கிழமை கண்ணாடிக் கோப்பைகளை மாஸ்டர் தானே கழுவித் துடைத்து மேசைகளில் வைத்தார். சாப்பாடு வந்த பிறகே ஊற்ற வேண்டும் என்று பரிமாறுபவர்களிடம் சொன்னார். யார் வைன், யார் திராட்சைச் சாறு என்பதற்குக் காம்பில் நூல் கட்டினார். கூடத்தில் பேச்சுச் சத்தம் எழுந்தது. பல மாதங்களாக அங்கே கரண்டி தட்டில் படும் ஓசை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

வாளி நான்கரை கிலோ.

வியாழன், நான்கு கிலோ அறுநூறு. நான்கரைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று முள் அடம்பிடித்தது.  மாஸ்டர் நேராக, பேச்சில் இன்னும் எழாதிருந்த நான்காம் மேசைக்குப் போய், காலி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கப்பல்காரர் முன் உட்கார்ந்தார்.

"பெரியவரே, வைனும் வந்தாச்சு, கோப்பையும் வந்தாச்சு. அந்த முதல் ரெண்டு நாள் வழிச்சுத் துடைச்சீங்க. இப்ப ஏன் பாதியில நிக்குது?"

"முதல் ரெண்டு நாள் திருட்டுத்தனமா குடிச்சோம். அந்தக் குஷியில வைக்கோலைப் போட்டிருந்தாலும் தின்னிருப்போம்." கப்பல்காரர் தன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பாதி ஆட்டுக்கறி சாம்பல் நிறத்தில் கிடந்தது. "மாஸ்டர், கோபப்படாம கேட்டுக்கோ. வைன் நல்லாத்தான் இருக்கு. உன் கறிதான் அதுக்குப் பக்கத்துல பொணமா கெடக்கு."

கணக்கு சார் இருமினார். "நாசூக்கா சொல்லியிருக்கலாம்."

"பதினோரு வருஷமா சாப்பிடறவங்க நாசூக்காத்தானே இருந்தோம்? வாளிதான் நிறைஞ்சது."

மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போனது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. அதற்குள் தையலம்மா தன் கோப்பையை அவர் முன்னால் தள்ளினார். அந்த அம்மாள் பேசி அவர் கேட்டதே கிடையாது.

"குடிச்சுப் பாருங்க. அப்புறம் கறியைத் தின்னு பாருங்க."

குடித்தார். நாக்கில் பிஞ்சு மாதுளைத் தோலைக் கடித்தாற்போல் துவர்த்தது, அடியில் புளிப்பு, பிறகு கரும்பழம் ஒன்றின் வாசனை மூக்குக்குப் பின்னால் ஏறியது. வாய் முழுவதும் விழித்துக்கொண்டது. அப்படி விழித்த வாயில் தன்னுடைய கறியைப் போட்டார். ஈரத் துணி. உப்புக் குறைவு என்றுதான் பதினோரு வருடமாகப் பழியைத் தாளின் மேல் போட்டுக்கொண்டிருந்தார். குறைந்திருந்தது உப்பு இல்லை. கறியை வறுக்காமல் அப்படியே தண்ணீரில் தள்ளியது யார்? பல்லில்லாதவர்கள் தின்ன வேண்டுமே என்று எல்லாவற்றையும் ஒரே கூழாக வேகவிட்டது யார்? நாக்கு செத்துப் போனது சாப்பிடுகிறவர்களுக்கு இல்லை.

அவர் சமையலறைக்குத் திரும்பி வந்து, கொஞ்சம் கறியை எடுத்து ஈரம் துடைத்து, காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டு, தொடாமல் விட்டார். கருகப்போகிறது என்று கை பதறும் வரை விட்டார். புரட்டினார். பூண்டை முழுதாகத் தோலோடு சுட்டுப் பிதுக்கிப் போட்டார். மிளகு. கடைசியில் எலுமிச்சை. சட்டியின் அடியில் பிடித்த பழுப்பை ஒரு கரண்டி வைன் ஊற்றிச் சுரண்டினார். ஒரு துண்டை வாயில் போட்டு, அது கரையும் முன் ஒரு மிடறு குடித்தார். கொழுப்பு நாக்கில் படிந்ததைத் துவர்ப்பு வந்து துடைத்துவிட்டுப் போனது, வைனின் முரட்டுத்தனத்தைக் கொழுப்பு மழுக்கிவிட்டது. இரண்டும் தனித்தனியாக இருந்தபோது இல்லாத மூன்றாவது ருசி ஒன்று வாயில் நின்றது. உப்பு ஒரு சிட்டிகை கூடக் கூட்டவில்லை.

"அடப்பாவி," என்றார். திட்டியது தன்னைத்தான்.

வெள்ளி, மூன்று கிலோ நானூறு. சனி மீன், தோல் மொறுமொறுவென்று, பக்கத்தில் சுட்ட எலுமிச்சைப் பாதியோடு. வெள்ளை வைன். மூன்று கிலோ இருநூறு. ஞாயிறு, மூன்று கிலோ நூறு. மேலாளர் தாளில் எழுதிவிட்டுப் பெருமூச்சு விட்டார். "நூறு கிராம்தானே மச்சான்னு அங்க போய்ச் சொல்ல முடியாது."

"நான் சொல்லச் சொன்னேனா?"

*

மாதக் கடைசி நாள் மேலிடத்து அம்மா நேரிலேயே வந்தார். குதிகால் செருப்பு, மெல்லிய கணினி, சமையலறைக்குள் நுழையும்போதே மூக்கின் அருகே ஒரு கை. "ஒன்றரைக்குத்தானே நிறுப்பீங்க? நான் பார்க்கணும்."

அன்று ஆட்டுக்கறி. மாஸ்டர் விடியற்காலையிலேயே வந்து, கறியை நான்கு தடவையாகப் பிரித்து வறுத்திருந்தார், சட்டியில் நெருக்கினால் தண்ணீர் விட்டுவிடும் என்று. பிறகு மூடி போட்டு, சின்னத் தணலில் பல்லில்லாத வாயும் மெல்லும்வரை விட்டிருந்தார். வறுத்த கிழங்குகள், தடிமனான ரொட்டி.

கூடத்தில் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. கப்பல்காரர் ஏதோ துறைமுகத்துக் கதை சொல்ல, கணக்கு சார் அதில் தேதி தப்பு என்று மறிக்க, யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் திறப்பு வழியே பார்க்கவில்லை. சட்டியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். 

தட்டுகள் வந்தன. வழித்தார்கள். வாளி தராசில் ஏறியது.

ஒரு கிலோ தொள்ளாயிரம்.

 மேலாளர் வாளியைக் கீழே இறக்கி, தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, மறுபடி ஏற்றினார். ஒரு கிலோ தொள்ளாயிரம். மேலிடத்து அம்மா குப்பைத் தொட்டியின் மூடியைக் காலால் மிதித்து உள்ளே எட்டிப் பார்த்தார். காய்கறித் தோல், எலும்பு, எலுமிச்சை விதை.

"வேற எங்கயாவது கொட்டினீங்களா?"

"கொட்டியிருந்தா தோலையும் சேத்துக் கொட்டியிருப்பேனே," என்றார் மாஸ்டர்.

அப்போது திறப்பின் மரப்பலகையில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. பின்னால் தையலம்மா நின்றார். கோப்பை இன்னொரு கையில் இருந்தது, ஒரு விரல் உயரத்துக்கு வைன் மிச்சம். ஐந்து மாதத்தில் அந்த அம்மாள் தன் காலால் சமையலறைப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"கறி இன்னும் கொஞ்சம் இருக்கா மாஸ்டர்? இது மீந்து போச்சு," என்று கோப்பையைத் தூக்கிக் காட்டினார். "வெறுமன குடிக்கப் பிடிக்கல."

மாஸ்டர் அண்டாவுக்குள் பார்த்தார். தனக்கென்று எடுத்து வைத்திருந்த கிண்ணம் ஒன்றுதான் இருந்தது. அதை அப்படியே தட்டில் கவிழ்த்தார். ஒரு துண்டு ரொட்டியும் வைத்தார். அந்த அம்மாள் ரொட்டியைப் பிய்க்கவில்லை. நின்றபடியே கறிச்சாற்றில் தோய்த்துக் கடித்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்.

மேலிடத்து அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது, விளம்பரம் தேடுகிறவர்களுக்கு வரும் சிரிப்பு. "சரி, அடுப்பு இருக்கட்டும். அடுத்த கையேட்டுல இதைப் போட்டுடலாம். 'எங்கள் இல்லத்தில் இதயத்தைக் காக்கும் வைன்!' எப்படி?"

"போடாதீங்க," என்றார் சிஸ்டர் வாசலில் இருந்து. எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. "டாக்டர் வந்து கிழிப்பார். நான் ஏணி பிடிப்பேன். இதயத்தை எல்லாம் நாங்க இன்னும் அளக்கல. அந்தத் தையலம்மா எடை நாப்பத்தொண்ணுல இருந்து நாப்பத்திரண்டு ஆகியிருக்கு. அதை வேணா போடுங்க."

"இருபத்தி மூணு பேர் குடிச்சது வெறும் திராட்சைச் சாறு," என்றார் மாஸ்டர். "அவங்களும்தான் வழிச்சுத் தின்னாங்க. சாப்பாடு நல்லா இருக்குன்னு போடுங்க. பதினோரு வருஷத்துல இந்த நாலு நாளாத்தான் அது உண்மை."

மேலிடத்து அம்மா கணினியை மூடினார். போகும்போது மூக்கின் அருகே கை இல்லை. கூடத்தைக் கடக்கையில் கப்பல்காரர் கோப்பையை உயர்த்திக் காட்டினார், அவரும் தன்னை அறியாமல் தலையசைத்தார்.

மேலாளர் சுவர்த் தாளில் எடையை எழுதினார். இந்தத் தடவை பேனா வேகமாக ஓடியது. எழுதி முடித்துக் கோடு போட்டு, அதன் கீழே இன்னொரு கோடும் போட்டார். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டு வழக்கமாகத் தான் சாப்பிடும் ஓரத்து முக்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"சாதிச்சிட்டீங்க மச்சான்! உங்க தங்கச்சிகிட்ட நானே சொல்றேன். சரி, எனக்குப் போடுங்க. காலையில இருந்து அந்த வாசனை என்னைக் கொன்னுக்கிட்டு இருக்கு."

மாஸ்டர் அண்டாவைச் சாய்த்துக் காட்டினார். அடி பளபளவென்று இருந்தது. ஒரு ரொட்டி முனையால் அதன் விளிம்பைச் சுற்றித் துடைத்து, அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பாட்டில் அடியில் நின்ற இரண்டு மிடறைக் கோப்பையில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மச்சான், ஒண்ணுமே இல்லையா?"

"ஏன் இல்லாம? உறைபெட்டியில பன்னெண்டு டப்பா இருக்கு மாப்ள," என்றார் மாஸ்டர். "சூடு பண்ண ஒரு ஆள் போதுமாம்."